சாம்பார் கிடையாது: பெங்களூரில் நின்று சாப்பிடும் டிபன் கடை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பெங்களூரு சங்கரபுரத்தில், சங்கர மடத்துக்கு அருகே, 1965 முதல் நடக்கும் பிராமின்ஸ் காபி பாரில் கிடைப்பவை இட்லி, வடை, காராபாத் (மசாலா சேர்த்த ரவை உப்புமா), கேசரிபாத் (ரவா கேசரி), காபி, டீ. உட்கார்ந்து சாப்பிட மேசை கிடையாது. தட்டைக் கொண்டுவந்து வைக்க சப்ளையர் கிடையாது. சாம்பார் கிடையாது, அதைப் பலகையில் எழுதியே வைத்திருக்கிறார்கள். காலையில் போனால் தெருவோரம் வரை ஆட்கள் தட்டும் கையுமாக நின்று சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து முதல் தடவை வருபவர் அந்தப் பலகையைப் பார்த்துத் திகைப்பார். இட்லிக்கு சாம்பார் கேட்பது நமக்குக் கேள்வியே அல்ல. ஆகவே இதைத் திமிர் என்று எடுத்துக்கொள்வது சுலபம். ஆனால் இங்கே இல்லாத ஒவ்வொன்றுக்கும் பின்னால் சமையலறைக் கணக்கு ஒன்று இருக்கிறது. எதை விட்டார்கள் என்பதை வைத்துத்தான் எதைக் காப்பாற்றுகிறார்கள் என்று புரிந்துகொள்ள முடியும். கீழே வரும் அளவுகளும் முறைகளும் இந்த வகைக் கடைகளின் பொதுவான சமையல் நடைமுறை. எந்த ஒரு கடையின் சொந்தச் செய்முறையும் அல்ல.

மூன்று சாமான், ஐந்து பண்டம்

பட்டியலைச் சாமான் வாரியாகப் பிரித்தால் விஷயம் துலங்கும். இட்லிக்கும் வடைக்கும் உளுந்து. காராபாத்துக்கும் கேசரிபாத்துக்கும் ஒரே வறுத்த ரவை. எல்லாவற்றுக்கும் தொடுகறி தேங்காய்ச் சட்னி, அதோடு சேர்த்துப் பண்டம் ஐந்து. இட்லிக்கு அரிசி ரவை கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். உளுந்து, ரவை, தேங்காய் மூன்றையும் தரமாக, தினமும், மொத்தமாக வாங்கினால் கடையின் முக்கால்வாசி வேலை முடிந்தது. நேற்று மீந்த காய், பாதி வெந்து ஃபிரிட்ஜில் கிடக்கும் உருளைக்கிழங்கு, மூன்று நாளைய மசாலா என்று எதுவும் இங்கே சேர வழியில்லை. தீரும்வரை விற்பனை, தீர்ந்தால் கடை சாத்தியாயிற்று.

நாற்பது பண்டம் எழுதிய ஹோட்டலில் எது இன்று செய்தது, எது நேற்றையது என்று சாப்பிடுபவரால் கண்டுபிடிக்க முடியாது. ஐந்து பண்டக் கடையில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. சிறிய பட்டியலின் பெரிய லாபம் இதுதான் என்பேன். வேகம், செலவுக் குறைவு எல்லாம் அதற்குப் பிறகு.

இட்லியும் சட்னியும்

இந்தக் கடையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் இட்லி அரிசியை ஊறவைத்து அரைப்போம். கர்நாடக ஹோட்டல்களில் பெரும்பாலும் இட்லி ரவை, அதாவது புழுங்கலரிசியை உடைத்த ரவை. அளவால் ஒரு பங்கு உளுந்துக்கு இரண்டு பங்கு ரவை. உளுந்தை நான்கு மணி நேரம் ஊறவைத்து, குளிர்ந்த தண்ணீர் தெளித்துத் தெளித்து, பந்து போல எழும்பும்வரை அரைக்க வேண்டும். ரவையைக் கழுவி ஊறவைத்து, கையால் இறுகப் பிழிந்து, உளுந்து மாவோடு சேர்த்துக் கரைப்பார்கள். பிழியாமல் போட்டால் மாவு நீர்த்துவிடும். அப்படியான மாவில் ஊற்றிய இட்லி தட்டையாக, நடுவில் பள்ளம் விழுந்து வரும். உப்பு, உலர்ந்த சாமானின் எடையில் 2 சதவீதத்தை ஒட்டி.

பெங்களூரின் டிசம்பர், ஜனவரி இரவுகளில் மாவு பொங்குவது பெரிய தலைவலி. 28 முதல் 30 டிகிரி இருந்தால் எட்டு, பத்து மணி நேரத்தில் பொங்கும் மாவு, 16 டிகிரிக் குளிரில் பதினான்கு மணி நேரம் ஆனாலும் அசையாது. அனுபவமுள்ள மாஸ்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைப்பார், முந்தைய நாள் மாவில் இருபதில் ஒரு பங்கு சேர்ப்பார், பாத்திரத்தைச் சாக்குப்பையால் சுற்றி அடுப்புப் பக்கத்தில் வைப்பார். சிலர் அவசரத்துக்கு சோடா உப்பு போடுவார்கள். இட்லி உப்பிவிடும், ஆனால் புளிப்பின் மெல்லிய வாசம் இருக்காது. நிறமும் லேசாக மஞ்சளடிக்கும். நாக்கில் ஒரு வழுக்கல் தெரிந்தால் அது சோடா.

இன்னொன்று. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 97 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். சென்னையில் பத்து நிமிடத்தில் வெந்த அதே இட்லிக்கு இங்கே இன்னும் ஓரிரு நிமிடம் வேண்டும். சென்னைக் கணக்கில் அடுப்பை அணைத்தால் நடுவில் மாவுப்பசை இருக்கும். வெந்த பிறகு இரண்டு நிமிடம் ஆறவிட்டுத்தான் தட்டிலிருந்து எடுக்க வேண்டும். உடனே எடுத்தால் அடிப்பக்கம் தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும், தாமதித்தால் மூடியில் கோத்த நீர் சொட்டி மேல்பக்கம் நொசநொசத்துப் போகும்.

ரவையில் செய்த இட்லி விரலில் லேசாக நறநறக்கும். உள்ளே துளைகள் பெரிது. கெட்டிச் சட்னியைத் தொட்டால் அது மேலேயே உட்கார்ந்துவிடும். தளர்வான சட்னியை மேலே ஊற்றினால் அரை நிமிடத்தில் உள்ளே இறங்கும். இங்கே சட்னி மோர் போல நீர்க்க இருப்பது கஞ்சத்தனத்தால் அல்ல, இந்த இட்லிக்கு அந்தப் பதம்தான் பொருந்தும். நம்மூரில் சாம்பார் செய்கிற வேலையை, அதாவது இட்லியை நனைத்து மென்மையாக்குவதை, இங்கே சட்னி செய்கிறது. சாம்பாரை எடுத்துவிட்டார்கள் என்பதைவிட அதன் வேலையைச் சட்னியிடம் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்வதே சரி.

ஒரு லிட்டர் தளர்ந்த சட்னிக்கு ஏறத்தாழக் கணக்கு: நடுத்தர முற்றிய தேங்காய் ஒன்று, துருவினால் 200 கிராம். பொட்டுக்கடலை 75 கிராம், பச்சைமிளகாய் எட்டு முதல் பத்து, இஞ்சி ஒரு சிறு துண்டு, கொத்தமல்லித் தண்டு ஒரு பிடி, உப்பு 12 கிராம், தண்ணீர் 700 மில்லியை ஒட்டி. முதலில் கொஞ்சம் தண்ணீரில் நைய அரைத்து, பிறகு தளர்த்துவார்கள். கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயத் தாளிப்பு கடைசியில்.

கெட்டுப்போகிற இடங்கள் மூன்று. முதலாவது சூடு. மிக்ஸியில் தொடர்ந்து ஓட்டினால் விழுது சூடேறி தேங்காயெண்ணெய் பிரியும், சட்னியில் மிதக்கும் வெள்ளைத் திப்பிகள் அதனால்தான். குளிர்ந்த தண்ணீர், விட்டு விட்டு அரைத்தல் இரண்டும் வேண்டும். இரண்டாவது பொட்டுக்கடலை. அது நேரம் ஆக ஆகத் தண்ணீரை உறிஞ்சும். எட்டு மணிக்குச் சரியான பதத்தில் இருந்த சட்னி எட்டே முக்காலுக்குக் குழம்பு போல ஆகிவிடும். தண்ணீர் விட்டுத் தளர்த்தும்போது உப்பைச் சேர்க்க மறந்தால் வரிசையின் கடைசி ஐம்பது பேர் சப்பென்ற சட்னி சாப்பிடுவார்கள். கூட்ட நேரத்தில் மிக அதிகமாக நடக்கும் பிழை இதுதான். தளர்த்தும் தண்ணீரிலேயே லிட்டருக்கு 12 கிராம் உப்பைக் கரைத்துத் தனியாக வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினையே வராது.

மூன்றாவதுதான் ஆபத்தானது. தேங்காய்ச் சட்னி வேகாத பண்டம். சாம்பாரில் தண்ணீர் எப்படி இருந்தாலும் கொதியில் கிருமி சாகும். சட்னியில் சேரும் தண்ணீர் நேராக வயிற்றுக்குப் போகிறது. கொதித்து ஆறிய தண்ணீரோ, நல்ல வடிகட்டியில் வந்த தண்ணீரோ மட்டுமே சேர்க்க வேண்டும். வெளியே வைத்த சட்னி மூன்று, நான்கு மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும். கோடையில் இன்னும் சீக்கிரம். அரைமணிக்கு ஒரு முறை சிறுகச் சிறுக அரைக்கும் கடையில் அந்த ஆபத்து வராது. காலை ஐந்து மணிக்கு ஒரே அண்டாவில் அரைத்துவைத்து மதியம்வரை ஊற்றும் கடை நம்பத்தகாதது, அதன் பெயர் என்னவாக இருந்தாலும்.

சட்னி ஊற்றுபவரைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கிடையாது. தட்டு நீட்டப்பட்டதும் இட்லியின் மேல் ஒரு கரண்டி, இட்லிக்கும் வடைக்கும் நடுவே இன்னொரு கரண்டி. வடையின் மேல் ஊற்றமாட்டார், அதன் மொறுமொறுப்பு அடியில் மட்டும் நனையட்டும் என்று. ஒவ்வொரு ஏழெட்டுத் தட்டுக்கும் பாத்திரத்தை அடிவரை கலக்குவார். கலக்காவிட்டால் தேங்காய் அடியில் தங்கி, மேலே வெறும் மிளகாய்த் தண்ணீர் நிற்கும். திரும்பத் திரும்பக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் ஊற்றுவதுதான் இந்த வகைக் கடையின் மரியாதை. சாம்பார் கிடையாது என்ற கண்டிப்புக்கு இந்தத் தாராளம்தான் ஈடு.

சாம்பாரை ஏன் விட்டார்கள்

செலவு மிச்சம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. காலையில் 500 தட்டு போகும் கடையை எடுத்துக்கொள்வோம். தட்டுக்கு 100 மில்லி சட்னி என்றால் 50 லிட்டர், அதாவது ஏறக்குறைய 50 தேங்காய். பாதிப்பேர் இரண்டாம் முறை கேட்டால் 75. சாம்பாரை முன்னே வைத்து, சட்னியை ஒரு சின்னக் கிண்ணத்தில் 30 மில்லி கொடுக்கும் ஹோட்டலுக்கு 15 தேங்காய் போதும். துவரம்பருப்பும் பூசணிக்காயும் சேர்ந்த சாம்பாரை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம், தேங்காயை அப்படி நீட்ட முடியாது. தேங்காய் விலை ஏறும் மாதங்களில் சட்னிக் கடைதான் அதிகம் அடிவாங்கும். ஆக, சாம்பாரை விட்டதில் பணம் மிச்சமாகவில்லை. மிச்சமாவது இடமும் நேரமும்.

சாம்பார் வந்தால் கிண்ணம் வரும், கிண்ணம் வந்தால் ஸ்பூன் வரும். 500 தட்டோடு 500 கிண்ணம், 500 ஸ்பூன் கழுவ வேண்டும். பருப்பு வேக, புளி கொதிக்க ஒரு அடுப்பு முழுக்க அதற்கே போகும். சூடாக வைக்கிற எந்தப் பண்டமும் 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதால் அந்த அடுப்பு காலை முழுவதும் எரிய வேண்டும். எரிந்தால் பருப்பு அடிப்பிடிக்கும், அதைக் கிளற ஓர் ஆள். எல்லாவற்றுக்கும் மேலாக, சாம்பாரில் மிதக்கும் இட்லியை ஒரு கையில் தட்டைப் பிடித்து நின்றபடி சாப்பிட முடியாது. மேசை வேண்டும். மேசை என்றால் நாற்காலி, நாற்காலி என்றால் உட்கார்ந்து பேசும் நேரம்.

எண்ணிப் பார்க்கலாம். ஓர் ஈட்டுக்கு 96 இட்லி வேகும் பெட்டி. வேக 12 நிமிடம், எடுத்து மறு ஈடு ஏற்ற 3 நிமிடம். மணிக்கு நான்கு ஈடு, 384 இட்லி, தட்டுக்கு இரண்டு வீதம் 192 தட்டு. நிமிடத்துக்கு மூன்றுக்குச் சற்று மேல். நின்று சாப்பிடுபவர் எட்டு நிமிடத்தில் நகர்ந்துவிடுவார் என்றால் எந்த நேரத்திலும் 26 பேர் நிற்க இடம் போதும். அதே இட்லியை சாம்பாரோடு உட்கார்ந்து இருபது நிமிடம் சாப்பிட்டால் 64 நாற்காலி வேண்டும். பழைய பசவனகுடி, சங்கரபுரத் தெருக்களின் சின்னக் கடைகளில் 64 நாற்காலி போடுவது நடக்காத காரியம். நாற்காலி போதாமல் போனால் இட்லி காத்திருக்கும், காத்திருக்கும் இட்லி காயும். கடை சுடச்சுட இட்லி கொடுக்க வேண்டுமானால் சாப்பிடுபவர் நின்றுதான் ஆக வேண்டும், நிற்க வேண்டுமானால் சாம்பார் இருக்கக் கூடாது.

இந்தக் கணக்கை ஒரு முறையாகவே நகரம் முழுக்கப் பரப்பியவை தர்ஷினிகள் என்ற நின்று சாப்பிடும் சுயசேவை டிபன் கடைகள். 1983இல் ஜெயநகரில் ஆர். பிரபாகர் வடிவமைத்த கஃபே தர்ஷினி வந்தது. முதலில் கல்லாவில் பணம், கையில் டோக்கன், கண்ணெதிரே சமையல், இடுப்புயர மேசையில் நின்று சாப்பாடு. பெரும்பாலான தர்ஷினிகள் சாம்பாரை வைத்துக்கொண்டன, அதற்கு அந்த உயர மேசை உதவியது. சங்கரபுரக் கடை போன்றவை மேசையையும் தவிர்த்து, சாம்பாரையும் தவிர்த்தன.

மற்றவை: வடை, இரண்டு பாத்துகள், காபி

வடையில் முக்கியம் ஊறும் நேரம். உளுந்து இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஊறினால் எண்ணெய் குடிக்கும். மாவைக் கிள்ளி தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அரைக்க வேண்டும், அல்லது தண்ணீர் கூடிவிட்டது. எண்ணெய் 170 முதல் 180 டிகிரி. கூட்டம் அதிகமென்று கடாய் நிறையப் போட்டால் சூடு 150க்கு இறங்கி, வெளியே சிவக்கும் முன் எண்ணெய் உள்ளே போய்விடும். தாளில் அழுத்தி எண்ணெய் ஒற்ற வேண்டியிருக்கும் வடை இப்படித்தான் பிறக்கிறது.

காராபாத்துக்கு அளவால் ஒன்றுக்கு மூன்று தண்ணீர். நம் உப்புமாவைவிடக் குழைவாக, மசாலாப் பொடியின் நிறத்தோடு இருக்கும். கேசரிபாத்தில் ஒரு பங்கு ரவைக்கு மூன்று பங்கு தண்ணீர், ஒன்றரை முதல் இரண்டு பங்கு சர்க்கரை, முக்கால் பங்கு நெய். ரவை முழுதும் வெந்த பிறகுதான் சர்க்கரை. முன்னாலேயே போட்டால் சர்க்கரை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், ரவை எவ்வளவு கிளறினாலும் வேகாது, பல்லில் மணல் போலப் படும். இரண்டையும் ஒரே தட்டில் வாங்கினால் அது சௌசௌபாத். ஒரு வாய் காரம், ஒரு வாய் இனிப்பு என்று மாற்றிச் சாப்பிடுவது பெங்களூருப் பழக்கம்.

காபிக்கு 100 கிராம் பொடி, 500 முதல் 600 மில்லி கொதிநீர். பொடியில் சிக்கரி கலந்திருக்கும். இறங்கும் டிகாக்‌ஷன் 350 மில்லிக்கு மேல், ஏறக்குறைய 15 டம்ளருக்குக் காணும். டிகாக்‌ஷன் இறங்கி இரண்டு மணி நேரம் தாண்டினால் வாசம் போய்க் கசப்பு மட்டும் நிற்கும். பாலைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவிடும் கடையில் முதல் வாயிலேயே சுண்டிய பால் வாடை தெரியும். இருவர் ஒரு காபியைப் பாதிப் பாதியாக வாங்கும் பை-டூ வழக்கம் இந்த ஊரில் எங்கும் செல்லும், யாரும் ஏளனமாகப் பார்க்கமாட்டார்கள்.

போகிறவர் செய்ய வேண்டியது

வரிசையில் நிற்கும்போதே என்ன வேண்டும் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். கல்லாவில் யோசிப்பவர் பின்னால் இருக்கும் பத்துப் பேரின் இட்லியை ஆறவைக்கிறார். சில்லறையோ ஃபோன் பணமோ தயாராக இருக்கட்டும். முதல் சுற்றில் இட்லி வடை மட்டும் வாங்குவது நல்லது. காபியைச் சேர்த்து வாங்கி ஓரமாக வைத்தால் இட்லி முடிவதற்குள் ஏடு படிந்துவிடும்.

தட்டை வாங்கியதும் சட்னி. ஊற்றியவுடன் சாப்பிடாமல் அரை நிமிடம் விட்டால் இட்லி உறிஞ்சிக்கொள்ளும். முதல் இட்லி முடிந்ததும், சட்னி முழுதாகத் தீர்வதற்கு முன்பே, இரண்டாம் முறை வாங்கப் போக வேண்டும். "ஸ்வல்ப சட்னி ஹாகி" (கொஞ்சம் சட்னி போடுங்கள்) என்றால் போதும். தமிழில் கேட்டாலும் கிடைக்கும். வடையை கடைசிவரை வைத்திருக்க வேண்டாம், பதினைந்து நிமிடத்தில் தோல் தளர்ந்துவிடும். சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் போடுவது நம் பொறுப்பு. சாப்பிட்டு முடித்த இடத்தில் நின்று பேசக் கூடாது, அந்த இடத்துக்கு அடுத்த தட்டு வந்துகொண்டிருக்கிறது.

சாம்பார் கேட்க வேண்டாம். கேட்டால் கோபித்துக்கொள்ளமாட்டார்கள், பலகையைக் காட்டுவார்கள்.

இதே பிடிவாதம், வேறு உருவம்

காந்தி பஜாரில் 1943இல் தொடங்கிய வித்யார்த்தி பவன் வேறு வழியில் போகிறது. அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம், பக்கத்து நாற்காலியில் முன்பின் தெரியாதவர் இருப்பார். தோசைக்குச் சட்னிதான். வேட்டி கட்டிய சப்ளையர் ஒரு கையில் தோசைத் தட்டுகளை அடுக்கடுக்காக ஏந்தி வருவதைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். பார்க்க வித்தை போல இருந்தாலும் அதன் காரணம் தோசைக்கல். பெரிய கல்லில் ஒரே ஈட்டில் பல தோசைகள் ஒன்றாகச் சிவக்கும், ஒன்றாக இறங்கும். ஒவ்வொரு தட்டாக எடுத்துப் போனால் கடைசித் தோசை கல்லருகே கிடந்து துவளும். எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுபோனால் ஈட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே சூட்டில் சாப்பிடுவார்கள். அதனால்தான் நம் ஆர்டரை மட்டும் சீக்கிரம் கேட்டுப் பயனில்லை.

லால்பாக் சாலையின் மாவள்ளி டிபன் ரூம்ஸ், எம்.டி.ஆர். என்று எல்லாரும் சொல்வது, 1924இல் பரம்பள்ளி யக்ஞநாராயண மையா சகோதரர்கள் தொடங்கியது. 1951இல் யக்ஞநாராயண மையா ஐரோப்பா போய் அங்கத்திய உணவகங்களைப் பார்த்துவந்து, பாத்திரங்களை நீராவியில் சுத்தம் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். சாப்பிட வருபவர்கள் சமையலறையைப் பார்க்கலாம் என்று திறந்துவைத்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசி தட்டுப்பட்டபோது கோதுமை ரவையில் இட்லி செய்தது தாங்கள்தான் என்பது அந்தக் கடையின் சொல். நெருக்கடி நிலைக் காலத்தில் ஹோட்டல் பண்டங்களின் விலையைக் குறைக்க அரசு உத்தரவிட்டது. அந்த விலைக்கு அதே நெய்யும் அதே காபிப்பொடியும் கட்டாது. தரத்தைக் குறைக்காமல் சாப்பாட்டுக் கடையை மூடினார்கள். உடனடி மாவு வகைகளில் இறங்கினார்கள், அது பின்னால் பெரிய தொழிலாக வளர்ந்தது. விலையிலும் ஒரு கடை பிடிவாதமாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

எல்லா "கிடையாது"வும் ஒன்றல்ல

இங்கே ஒன்றை மழுப்பாமல் சொல்ல வேண்டும். எம்.டி.ஆருக்கு முதலில் இருந்த பெயர் பிராமின் காபி கிளப். கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் பல உடுப்பி ஹோட்டல்களில் பிராமணர்களுக்கென்று தனி இடம் இருந்தது. சென்னையில் 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பலகையிலிருந்த "பிராமணாள்" என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் போராட்டம் நடத்தியது தமிழ் வாசகர் அறிந்த வரலாறு. யாரை உள்ளே விடுவது என்ற கண்டிப்பும், எதைச் சமைப்பது என்ற கண்டிப்பும் ஒரே பலகையில் எழுதப்பட்டிருந்த காலம் அது. முன்னதற்குச் சமையலறையில் எந்தக் காரணமும் கிடையாது. சுத்தம் என்ற பெயரில் சாதியைக் காத்ததுதான் அது. இன்று இந்தக் கடைகளில் நடைபாதையில் யாரும் யாருக்குப் பக்கத்திலும் நின்று சாப்பிடுகிறார்கள், பழைய பெயர்கள் சிலவற்றில் மட்டும் மிச்சமிருக்கின்றன. அந்தப் பெயர்கள் போகலாம், இட்லிக்கு எந்தக் குறையும் வராது.

நிற்கும் முறையும் எல்லாருக்கும் ஏற்றதல்ல. முழங்கால் வலியுள்ள பெரியவர், கைக்குழந்தையோடு வருபவர், சக்கர நாற்காலியில் வருபவர் எட்டு நிமிடம் தட்டைப் பிடித்து நிற்க முடியாது. மேலே சொன்ன 26 பேர் கணக்கில் நான்கு ஸ்டூல் போட்டால் வேகம் குறையாது. சுவரோரம் ஒரு தாழ்ந்த பலகைத் திட்டு இருந்தாலும் போதும். இதைச் செய்யாத கடைக்குக் கணக்கைக் காரணம் காட்ட முடியாது.

நகல் எடுப்பவர்கள் தவறுவதும் இதே இடத்தில்தான். பலகையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். சாம்பார் கிடையாது, உட்கார இடம் கிடையாது, ஆனால் சட்னி ஊருக்கு வெளியே மையச் சமையலறையில் விடியற்காலை அரைத்து, டப்பாவில் வண்டியேறி வரும். வந்து சேரும்போதே கெட்டிப்பட்டிருக்கும், தண்ணீர் விட்டுத் தளர்த்தியிருப்பார்கள், உப்பு இருக்காது. இரண்டாம் கரண்டிக்கு முகம் சுளிப்பார்கள். கிளை திறக்க விரும்புபவர் மாவை வெளியிலிருந்து கொண்டுவரலாம், அது தாங்கும். சட்னியை ஒவ்வொரு கிளையிலும் அரைத்தே ஆக வேண்டும். ஒரு கிரைண்டருக்கும் தேங்காய் துருவும் ஆளுக்கும் இடமில்லாத கடையில் இந்தப் பட்டியல் ஓடாது.

பார்சல் வாங்குவோர் மூன்றைக் கவனித்தால் போதும். சொந்த எவர்சில்வர் டப்பா கொண்டுபோங்கள், சூடான இட்லியைப் பிளாஸ்டிக் தாளில் கட்டினால் வியர்த்து வழியும். வடையைத் தனியாக, மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள், மூடிய டப்பாவில் பத்து நிமிடத்தில் அது ரப்பராகிவிடும். சட்னியை வீடு சேர்ந்ததும் ஃபிரிட்ஜில் வைத்து, சாப்பிடும்போது கொதித்து ஆறிய தண்ணீர் கொஞ்சம் விட்டு, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துத் தளர்த்திக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.